உறங்கும் அறைக்கு எந்தத் தீ எச்சரிக்கை ஒலி: கீச்சொலியா, தாழ்சுருதியா?

விடுதி அறைக்கு ஒலிப்பான் தேர்ந்தெடுக்கும்போது பலர் டெசிபலை (ஒலியின் உரப்பை) மட்டுமே பார்க்கிறார்கள், அதிர்வெண்ணை (சுருதியை) கவனிப்பதில்லை. வழக்கமான ஒலிப்பான் ஏறத்தாழ 3,100 ஹெர்ட்ஸில் கீச்சிடுகிறது. விலையும் மின்சாரச் செலவும் குறைவு. விழித்திருப்பவர்கள் நடமாடும் நடைகூடத்துக்கு அது போதும். ஆனால் முதுமையில் முதலில் மங்குவது இத்தகைய உயர் அதிர்வெண்களைக் கேட்கும் திறனே. மூடிய கதவும் அவற்றைத்தான் அதிகம் தடுக்கிறது.

தாழ்சுருதியான 520 ஹெர்ட்ஸ் சதுர அலை (மேற்சுரங்கள் கலந்த) ஒலியோ, உறங்கும் குழந்தைகளையும் செவித்திறன் குறைந்தவர்களையும் மது அருந்தியவர்களையும் இன்னும் நன்றாக எழுப்புவதை ஆய்வுகள் காட்டியதால், அமெரிக்காவின் தீ எச்சரிக்கை அமைப்புகளுக்கான என்.எஃப்.பி.ஏ. 72 விதித்தொகுப்பு, புதிய அமைப்புகளில் உறங்கும் அறைகளுக்கு 2014 முதல் அதையே கோருகிறது. தலையணை மட்டத்தில் குறைந்தது 75 டெசிபல் என்பது இரண்டுக்கும் பொது. அதைக் கதவை மூடி, ஏ.சி.யை ஓடவிட்டு அளப்பதே நேர்மையான சோதனை. தாழ்சுருதி ஒலிப்பான் கூடுதல் மின்னோட்டம் இழுப்பதால் பேட்டரியையும் கேபிளையும் மறுபடி கணக்கிட வேண்டும். அந்தச் செலவுக்கு அஞ்சி அறைக்குள் கீச்சொலியை வைப்பதை நான் ஏற்கமாட்டேன்.