முயலுக்கு இன்சூரன்ஸ்: பல்லையும் வயிற்றையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்

எங்கள் முயல்கள் முத்துவுக்கும் பவளத்துக்கும் பாலிசி எடுத்து 2025 அக்டோபரோடு மூன்று வருடம். புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வந்து சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. தென்னாப்பிரிக்காவில், இங்கே டர்பனில் முயல் வளர்க்கும் நம் ஆட்கள் இரண்டு மூன்று பேர், "அக்கா, அது பிரயோஜனமா, இல்ல சும்மா காசு போகுதா?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் பாதி பாதியாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன்.

பிரயோஜனம்தான். ஆனால் எடுக்கும்போது நான் அதைப் படித்த விதம் தப்பு. வருடத்துக்கு எத்தனை ரேண்ட் (இந்த நாட்டுப் பணம்) வரை தருவார்கள் என்ற ஒரே எண்ணைப் பார்த்தேன். முயலுக்குப் பெரும்பாலும் நோய் வருவது வாயிலும் வயிற்றிலும். அந்த இரண்டையும் பற்றிப் பாலிசியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

நாங்கள் தூத்துக்குடிக்காரர்கள். வீட்டுக்காரருக்கு இங்கே துறைமுகத்தில் வேலை. டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் வாடகை வீடு. மகள் பிடிவாதம் பிடித்து வாங்கிய குட்டிகள் இரண்டு. வெள்ளை முத்து, செம்பட்டை பவளம். முதலில் நானும் எல்லோரையும் போல, முயல்தானே, கேரட்டைப் போட்டால் வளர்ந்துவிடும் என்றுதான் நினைத்தேன். டாக்டரிடம் முதல் தடவை போனபோதுதான் தெரிந்தது: கேரட் அதற்கு மிட்டாய் மாதிரி, எப்போதாவது ஒரு துண்டு. அதன் சாப்பாட்டில் முக்கால் பங்குக்கு மேல் காய்ந்த புல்லாக இருக்க வேண்டும். இங்கே டெஃப், எராக்ரோஸ்டிஸ் என்று கட்டுக் கட்டாகக் கிடைக்கிறது. நம் ஊரில் மாட்டுக்குப் போடும் குதிரைமசால்தான் இங்கே லூசர்ன். அது குட்டிகளுக்குச் சரி, வளர்ந்த முயலுக்குச் சுண்ணாம்புச் சத்து அதிகமாகிவிடும். முயலின் பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. புல்லை அரைத்து அரைத்துத்தான் அது தேய வேண்டும். குடலும் அந்த நார் உள்ளே போகப் போகத்தான் ஓடும். பாலிசியைப் படிப்பதற்கு இது தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் முதலில் சொல்கிறேன்.

2022இல் மூன்று இடத்தில் விலை கேட்டேன். முதல் இடத்தில் போன் எடுத்த பெண் "நாயா, பூனையா?" என்றாள். முயல் என்றதும் கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்துவிட்டு, கணினியில் அதற்கு இடமே இல்லை என்று வருத்தத்தோடு சொன்னாள். இந்த நாட்டில் செல்லப்பிராணி பாலிசி என்றால் பெரும்பாலும் நாய், பூனை மட்டும்தான். இரண்டாவது இடத்தில் விபத்துக்கு மட்டும். முயல் மாடியிலிருந்து விழுந்தால் தருவார்கள், சாப்பிடாமல் கிடந்தால் தரமாட்டார்கள். கிளி, ஆமை, பாம்போடு சேர்த்து முயலையும் ஏற்றுக்கொண்டது மூன்றாவது இடம். நோய்க்கும் உண்டு. ஒரு முயலுக்கு மாதம் 180 ரேண்ட். அதைத்தான் எடுத்தேன். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது பெயரை அல்ல, வாசகங்களை.

2023 தீபாவளி நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. சாட்ஸ்வொர்த்தில் தீபாவளி என்றால் தெருவே வெடிக்கும். அதோடு அன்று மின்வெட்டும் சேர்ந்துகொண்டது. ஃபேன் நின்றுவிட்டது, வீட்டுக்குள் புழுக்கம். தண்ணீர் பாட்டிலை உறையவைத்துத் துணி சுற்றிக் கூண்டுக்குள் வைத்தோம். பவளம் அதில் சாய்ந்து படுத்துக்கொண்டாள். முத்து மூலையில் உட்கார்ந்தவன் உட்கார்ந்தபடியே இருந்தான்.

இரவு பத்து மணிக்குக் கொத்தமல்லியை நீட்டினேன். அவனுக்குக் கொத்தமல்லி என்றால் உயிர். வாசனை வந்ததுமே ஓடி வருபவன் மூக்கைக்கூட அசைக்கவில்லை. உடம்பைப் பந்து மாதிரிச் சுருட்டிக்கொண்டு, கண் பாதி மூடி, பல்லை மெல்ல நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தான். கழிவுத் தட்டைப் பார்த்தேன். எப்போதும் மிளகு உருண்டை மாதிரிக் கிடக்கும் புழுக்கை புதிதாக ஒன்றுகூட இல்லை. காலையில் போட்டதும் சிறுத்து, ஊசி முனை கணக்காக இருந்தது. அதுதான் குடல் நின்றுபோவதற்கு அடையாளம். முயலுக்கு வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது நகராமல் நின்றால் காற்று சேர்ந்து வயிறு உப்பும், வலியில் இன்னும் சாப்பிடாது. சாப்பிடாததால் குடல் இன்னும் நிற்கும். அரை நாள் சாப்பிடவில்லை என்றாலே அவசரம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

ஞாயிறு இரவு முயல் பார்க்கும் டாக்டர் எளிதில் கிடைக்கமாட்டார். நாய் பார்க்கும் எல்லோரும் முயல் பார்ப்பதில்லை. நாய்க்குச் சாதாரணமாகக் கொடுக்கும் அமாக்ஸிசிலினை முயலுக்கு வாய்வழியாகக் கொடுத்தால் குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் செத்து உயிருக்கே ஆபத்தாகும். உண்ணிக்கு முதுகில் விடும் ஃபிப்ரோனிலும் அதற்கு ஆகாது. நான்கு இடம் போன் போட்டு ஐந்தாவது இடத்தில் "வாருங்கள்" என்றார்கள். பவளத்தையும் கூடவே கொண்டுபோனோம். ஜோடியாக வளர்ந்த முயலைப் பிரித்தால் ஒன்றை நினைத்து இன்னொன்று சாப்பிடாமல் கிடக்கும், சில சமயம் திரும்பச் சேரும்போது சண்டை போடும். எக்ஸ்ரே எடுத்தார்கள், வலிக்கு ஊசி, தோலுக்கடியில் டிரிப்ஸ், புல் பொடியைக் கரைத்து ஊசியில்லாத சிரிஞ்சில் வாயோரமாக ஊட்டினார்கள். செவ்வாய் காலை டாக்டர் போனில் சொன்ன முதல் வார்த்தை, "புழுக்கை போட்டுவிட்டான்." நானும் மகளும் அழுதுவிட்டோம்.

பில் 6,420 ரேண்ட். கட்டிவிட்டு ரசீதை அனுப்ப வேண்டும், பிறகுதான் நமக்குத் திரும்ப வரும். நேரே ஆஸ்பத்திரிக்கு அவர்கள் கட்டுவதில்லை என்பதை முன்னாடியே தெரிந்துகொள்ளுங்கள், கையில் பணமோ கார்டில் இடமோ இருக்க வேண்டும். அதில் இரவு நேரக் கட்டணம் 1,100 ரேண்டைப் பாலிசி ஏற்காது என்றார்கள். அந்த வரி அதில் எழுதித்தான் இருந்தது, நான் படிக்கவில்லை. எக்ஸஸ், அதாவது ஒவ்வொரு கிளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய பங்கு, 750 ரேண்ட். மீதி 4,570 ரேண்ட் பன்னிரண்டு நாளில் கணக்கில் வந்துவிட்டது. அந்தத் தடவை எனக்கு ஒரு குறையும் இல்லை.

அடுத்தது 2024 ஜூன். முத்துவின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து சுற்றிச் சுற்றி விழுந்தான். என்செஃபலிடோசூன் என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம் என்று இரத்தம் எடுத்து, ஃபென்பென்டசோல் மருந்து 28 நாள். பில் 4,150 ரேண்ட், எக்ஸஸ் போக 3,400 தந்தார்கள். இப்போதும் தலை லேசாகச் சாய்ந்தபடிதான் இருக்கும். பார்ப்பவர்களுக்குக் கேள்வி கேட்கிற மாதிரித் தெரியும். நன்றாகச் சாப்பிடுகிறான்.

மனக்கசப்பு வந்தது பவளத்தால். 2025 பிப்ரவரியில் அவள் தாடைக்குக் கீழே முடி ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. எச்சில். புல்லை எடுப்பாள், மெல்லுவாள், கீழே போட்டுவிடுவாள். இரண்டாம் நாள் வயிறும் நின்றுவிட்டது. மயக்கம் கொடுத்து வாயைத் திறந்து பார்த்ததில் கடைவாய்ப் பல்லின் ஓரம் கூர்மையாக வளர்ந்து நாக்கில் குத்திப் புண்ணாக்கியிருந்தது. (மயக்கத்துக்கு முன் நாயைப் போல முயலைப் பட்டினி போடக் கூடாது. போடச் சொன்னால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள்.) பல்லைத் தேய்த்ததற்கு 2,700 ரேண்ட், குடல் வைத்தியத்துக்கு 3,200, மொத்தம் 5,900.

கிளெய்மை மொத்தமாகத் தள்ளிவிட்டார்கள். "விபத்தால் வராத பல் நோய்க்குக் காப்பீடு இல்லை, அதிலிருந்து வரும் எதற்கும் இல்லை" என்று இரண்டே வரி. பாலிசியை எடுத்துப் பார்த்தேன். முதல் பாதி இருந்தது. இரண்டாம் பாதி எங்கேயும் இல்லை. பல் விலக்கு என்று மட்டும்தான் எழுதியிருந்தது; பல்லால் வந்த குடல் நோயும் விலக்கு என்று எழுதவில்லை. முயலுக்குப் பல்லும் வயிறும் ஒரே கயிற்றின் இரண்டு முனை. இந்த வாதத்தை விட்டுக்கொடுத்தால் அதன் பாதி நோய்க்குப் பாலிசியே இல்லை என்று ஆகிவிடும்.

இந்த நாட்டில் ஒரு விதி இருக்கிறது. கிளெய்மைத் தள்ளினால், அதை எதிர்த்து எழுத நமக்குக் குறைந்தது 90 நாள் தர வேண்டும், அந்த உரிமையையும் கடிதத்திலேயே சொல்ல வேண்டும். எழுதினேன். டாக்டரிடம் இரண்டு வைத்தியத்தையும் தனித்தனியாகப் பிரித்து பில்லும் குறிப்பும் வாங்கி இணைத்தேன். அதற்கும் மசியவில்லை என்றால் தேசிய நிதி குறைதீர்ப்பு அமைப்புக்குப் போவதாக இருந்தேன். 2024 மார்ச் 1 முதல் வங்கி, காப்பீடு, கடன் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே இடமாக ஆக்கியிருக்கிறார்கள், நம்மிடம் காசு வாங்குவதில்லை. அதுவரை போக வேண்டி வரவில்லை. ஐந்து வாரம் கழித்து 3,200இல் எக்ஸஸ் கழித்து 2,450 ரேண்ட் வந்தது. பல்லுக்கு ஒன்றும் இல்லை. வந்தாலும் அந்த ஐந்து வாரம் நான் பட்ட அலைச்சலை மறக்கவில்லை.

எதிர் வீட்டு ஆயாவிடம் புலம்பினேன். பழைய சாட்ஸ்வொர்த் குடும்பம், அவர் பேசுகிற தமிழ் அவர் பாட்டி கொண்டுவந்த தமிழ். "மொசலுக்குக்கூட இன்சூரன்சா கண்ணு?" என்று முதலில் ஆச்சரியப்பட்டவர், கதை முழுக்கக் கேட்டுவிட்டு, "வுடாத, எழுதிப் போடு" என்றார்.

தடுப்பூசியையும் கருப்பை அறுவையையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டுக்கும் பாலிசி தராது, வழக்கமான செலவு என்று ஒதுக்கிவிடும். அதற்காகச் செய்யாமல் விடாதீர்கள். 2022 கடைசியில் கரூ என்ற வறண்ட பகுதியில் காட்டு முயல்கள் செத்துக் கிடந்தன. இந்த நாட்டைத் தவிர வேறெங்கும் இல்லாத, ஏற்கெனவே அருகிப்போன ஆற்றோர முயலுக்கும் ஆபத்து வந்தது. இரத்தக்கசிவு நோயின் இரண்டாம் வகை வைரஸ் என்று கண்டுபிடித்தார்கள். வீட்டு முயலுக்கும் அது வரும், செருப்பிலும் புல் கட்டிலும்கூட ஒட்டிக்கொண்டு வரும், வந்தால் உயிருக்கே ஆபத்து. ஊசி பிரான்சிலிருந்து வரவேண்டும், வருடா வருடம் போட வேண்டும். எங்கள் டாக்டர் முயல் வளர்ப்பவர்களின் பெயர்களைச் சேர்த்து எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் போடுகிறார். என் பாலிசியில், ஊசி போடாத முயல் இந்த நோயில் போனால் ஒன்றும் கிடையாது. பவளத்துக்குக் கருப்பையை முன்னாடியே எடுத்துவிட்டோம். எடுக்காத பெண் முயலுக்கு நான்கு வயதுக்கு மேல் கருப்பையில் புற்று வருவது மிகச் சகஜம்.

இனி கணக்கு. மூன்று வருடத்தில், ஏறிய பிரீமியத்தோடு, இரண்டுக்கும் சேர்த்து நான் கட்டியது 14,304 ரேண்ட். திரும்ப வந்தது 10,420. அப்படியானால் 3,884 ரேண்ட் நஷ்டம், இதே பணத்தை வங்கியில் போட்டிருக்கலாமே என்கிறார் வீட்டுக்காரர். கணக்குப்படி அவர் சொல்வது சரி. ஆனால் அந்த ஞாயிறு இரவு "எவ்வளவு ஆகும்?" என்று நான் டாக்டரிடம் கேட்கவில்லை. "செய்யுங்கள்" என்று மட்டும்தான் சொன்னேன். சேமிப்பை நம்பியிருந்தால், முதல் வருடத்தில் அதில் அவ்வளவு சேர்ந்தே இருக்காது. இன்னொன்று, முயல் நன்றாகப் பார்த்துக்கொண்டால் எட்டு, பத்து வருடம் இருக்கும். இப்போது இதை விட்டுவிட்டு இரண்டு வருடம் கழித்து வேறிடம் போனால் முத்துவின் தலையும் பவளத்தின் பல்லும் "ஏற்கெனவே இருந்த நோய்" ஆகிவிடும். வயது கூடிவிட்டால் சேர்க்கவே மாட்டோம் என்பவர்களும் உண்டு.

புதிதாக எடுப்பவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது: பாலிசி எடுக்கும் முன்பே டாக்டரிடம் ஒரு தடவை கொண்டுபோய்ப் பல், காது, வயிறு, எடை எல்லாம் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று தேதியோடு எழுதி வாங்கிவிடுங்கள். பின்னால் யாராவது இது பழைய நோய் என்றால் காட்டுவதற்கு ஒரு தாள் இருக்கும். போனில் ஏஜென்ட் சொல்வதை நம்பி விடாமல் மூன்று கேள்வியை மெயிலில் கேளுங்கள். விபத்தில்லாத பல் வளர்ச்சிக்குத் தருவீர்களா? பல்லால் குடல் நின்றால் தருவீர்களா? இரவு நேரக் கட்டணம் உண்டா? பதிலும் மெயிலில்தான் வரவேண்டும். நோய்க்கான காத்திருப்புக் காலம் எத்தனை நாள் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு 30 நாள். தீபாவளிக்கு முந்தின வாரம் எடுத்தால் தீபாவளிக்கு உதவாது.

நான் இரண்டையும் புதுப்பிக்கப் போகிறேன். பிரீமியம் தலைக்கு 240 ஆகிவிட்டது. அதோடு பல்லுக்கென்று மாதம் 300 ரேண்ட் தனிக் கணக்கில் போடத் தொடங்கியிருக்கிறேன். 2025 தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. முன்னறையில் இருக்கும் கூண்டை இந்தத் தடவை தெருப்பக்கம் ஜன்னல் இல்லாத பின்னறைக்கு மாற்றியாகிவிட்டது, ஃப்ரீசரில் நான்கு பாட்டில் தண்ணீர் உறைந்து கிடக்கிறது, இரவில் முயல் பார்க்கும் டாக்டரின் எண் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. எதிர் வீட்டு ஆயா தன் பேரப்பிள்ளைகளைப் பின்பக்க முற்றத்தில் வெடிக்கச் சொல்லியிருக்கிறார்.