ஒரு அட்டை மாத்திரை வாங்கப் போய் இருபது நிமிடம் நின்ற கதை

மலச்சிக்கலுக்கு மாத்திரை வாங்குவது ஒரு நிமிட வேலை என்றுதான் நினைத்திருந்தேன். முன்பு வாங்கிய மருந்துக்கடையில் அப்படித்தான், பெயரைச் சொன்னால் அட்டையை எடுத்து நீட்டிவிடுவார்கள், நாலு மாதமாக அம்மா அதே பிசாகோடில் என்ற மலமிளக்கி மாத்திரையை வாங்குகிறாரே என்று ஒருவரும் கேட்டதில்லை. இந்தக் கடை பார்மசிஸ்ட்டோ அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே, "யாருக்கு, எத்தனை நாளா?" என்று ஆரம்பித்தார். பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள், எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அம்மாவும் கூட வந்திருந்தார். தினமும் போயே ஆகவேண்டும் என்றில்லை என்று பார்மசிஸ்ட் அவரிடம் விளக்கினார்; வாரத்துக்கு மூன்று தடவைக்குக் குறைந்தாலோ, கெட்டியாகி முக்கி முக்கிப் போகவேண்டியிருந்தாலோதான் மலச்சிக்கல் என்றார். அப்புறம் ஏழு வகை மலம் வரைந்த பிரிஸ்டல் படத்தைக் காட்ட, அம்மா கூச்சமே இல்லாமல் முதல் படத்தில் விரல் வைத்து, "இதேதான், ஆட்டுப் புழுக்கை" என்றார். நான்தான் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வேற என்னென்ன மாத்திரை போடுறீங்கம்மா?" பையைக் கவிழ்த்ததில் சோகைக்கு இரும்புச்சத்து, கால்சியம், நெஞ்செரிச்சலுக்கு அலுமினியம் கலந்த ஆன்டாசிட். மூன்றுமே மலத்தை இறுக்கக்கூடியவையாம்! எதையும் நிறுத்தச் சொல்லவில்லை. சோகை எதனால் வந்தது என்று டாக்டர் பார்த்தாரா என்று கேட்டார், இரும்பு மாத்திரையை மாற்ற முடியுமா என்று அவரிடம் கேட்கும்படி ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

அடுத்த கேள்விதான் எங்களைக் கவிழ்த்தது. பிசாகோடிலை எதோடு விழுங்குகிறீர்கள்? பாலோடு, எந்த மாத்திரையானாலும் அப்படித்தான், பல வருடப் பழக்கம். அந்த மாத்திரையின் மேல்பூச்சு குடலுக்குப் போய்க் கரையவேண்டியது, பாலோ ஆன்டாசிட்டோ சேர்ந்தால் இரைப்பையிலேயே கரைந்து வயிற்றை முறுக்கும், ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்றார். ராத்திரி ராத்திரி அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததற்குக் காரணம் அனேகமாக இதுதான்.

கடைசியில் அந்த அட்டையை உள்ளே வைத்துவிட்டு மேக்ரோகால் தூள் கொடுத்தார். தண்ணீரைக் குடலில் தக்கவைத்து மலத்தை இளக்குமாம், பலன் தெரிய 1 முதல் 3 நாள் ஆகலாம், இன்றைக்கே போகவில்லை என்று இன்னொன்றைக் கலக்கிக் குடிக்காதீர்கள் என்றார். இசப்கோல் கேட்டேன். அம்மா தண்ணீர் குடிப்பது ரொம்பக் குறைவு, தண்ணீர் இல்லாமல் அது உள்ளேயே அடைத்துக்கொள்ளும், படுக்கப் போகும்போது சாப்பிடவும் கூடாது என்று மறுத்துவிட்டார். காலையில் சாப்பிட்டதும் குடல் தானாக அசையும், அப்போது கழிவறையில் காலடியில் சின்ன ஸ்டூல் போட்டு முழங்கால் உயர உட்காருங்கள் என்றதும் அவர்தான். இரத்தம் தெரிந்தால், எடை குறைந்தால், வயிறு உப்பி வாந்தி வந்தால் தன்னிடம் வராமல் நேரே டாக்டரிடம் போகச் சொன்னார். இரும்பு மாத்திரையில் மலம் கறுக்கும், ஆனால் தார் மாதிரி பிசுபிசுத்தால் காத்திருக்கக் கூடாதாம்.

குறையும் உண்டு. தூளின் சுவை அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் குடிக்கிறார், ஆனால் நாலாவது நாளிலிருந்து முக்கல் இல்லை. டாக்டர் இரும்பு மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கியிருக்கிறார், சோகைக்கான காரணம் தெரிய பரிசோதனையும் எழுதியிருக்கிறார். இன்னொரு குறை, இவ்வளவும் கவுண்டரில் எல்லோர் காதிலும் விழும்படி நடந்ததுதான்; அம்மாவுக்குக் கூச்சமில்லை, எல்லோரும் அப்படி இருப்பார்களா? நாலு நட்சத்திரம். ஓரமாக ஒரு திரையும் ரெண்டு நாற்காலியும் போட்டால் ஐந்தாவதும் தருகிறேன்.