80யு, 80டிடி: மாற்றுத்திறனாளி கழிவில் ரீஃபண்ட் யாருக்கு, எந்த வரி முறையில்?

வருமான வரிச் சட்டத்தின் 80யு பிரிவில், மாற்றுத்திறனாளிக்குக் குறைபாடு 40 சதவீதம் இருந்தால் வரிக்குரிய வருமானத்தில் 75,000 ரூபாய் கழியும். 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000. செலவுக்கு ஒரு பில்கூடக் காட்ட வேண்டாம். 80யு பிரிவைப் பற்றிப் பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். இந்தக் கழிவு பழைய வரி முறையில் மட்டுமே உண்டு என்பதை விட்டுவிடுகிறார்கள். பழைய முறை வேண்டும் என்று நாம் எழுதிக் கொடுக்காவிட்டால் அலுவலகம் புதிய முறையில்தான் டிடிஎஸ் (சம்பளத்திலேயே பிடிக்கும் வரி) பிடிக்கும்.

2025-26 நிதியாண்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சம்பளம் 12,75,000 ரூபாய், 80 சதவீதக் குறைபாடு. புதிய முறையில் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் (சம்பளக்காரர் எல்லோருக்கும் உள்ள நிலையான கழிவு) 75,000 போக மீதி 12 லட்சம். 12 லட்சம் வரை உள்ள வரித் தள்ளுபடி வந்து வரி பூஜ்யம். பழைய முறையில் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 50,000, 80யு 1,25,000, 80சி (பிஎஃப், காப்பீடு போன்ற சேமிப்புக்கான கழிவு) 1,50,000 என எல்லாம் கழித்தாலும் 1,06,600 ரூபாய் கட்ட வேண்டும். இந்தச் சம்பளம் வரைக்கும் யோசிக்கவே வேண்டாம், புதிய முறைதான். குறைபாட்டுச் சான்றிதழுக்காக அலைந்து திரிந்தவர்களுக்கு மனசு ஒப்பாது, ஆனால் கணக்கு அப்படித்தான் வருகிறது.

சம்பளம் 18 லட்சம் என்றால் கதை வேறு. புதிய முறையில் வரி 1,50,800; அலுவலகமும் அதையே பிடித்திருக்கும். இவருக்கு 80சி 1,50,000, வீட்டுக்கடன் வட்டி 2,00,000, வீட்டு வாடகைப் படி விலக்கு 3,00,000 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 80யு இல்லாமல் பழைய முறைக்குப் போனால் வரி 1,48,200. மிச்சம் வெறும் 2,600. 80யு-வின் 1,25,000-ஐச் சேர்த்தால் வரி 1,11,800-க்கு இறங்கி, 39,000 ரூபாய் ரீஃபண்டாகத் திரும்பும். மற்ற கழிவுகள் இல்லாமல் 80யு மட்டும் இருந்தால் இந்தச் சம்பளத்திலும் புதிய முறைதான் லாபம்.

புதிய முறையில் 80யு இல்லாதது சரியில்லை என்றே நினைக்கிறேன். 80சி-யில் பணம் போடுவது நாமாகத் தேர்ந்தெடுப்பது. குறைபாட்டை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் புதிய முறையிலிருந்து எடுத்திருக்க வேண்டாம். பார்வை, கேட்கும் திறன், கால் ஆகியவற்றில் குறைபாடு உள்ள ஊழியருக்குத் தரும் போக்குவரத்துப் படிக்கு மட்டும் மாதம் 3,200 ரூபாய் வரை இரண்டு முறையிலும் விலக்கு உண்டு.

அடுத்தது, கழிவை யார் கேட்பது? 80யு குறைபாடு உள்ளவரே தன் வருமானத்தில் கேட்பது. 80டிடி அவரைப் பராமரிக்கும் பெற்றோரோ, துணைவரோ, பிள்ளையோ, உடன்பிறந்தவரோ கேட்பது. தொகை இரண்டிலும் ஒன்றுதான், ஆனால் ஒருவர் 80யு கேட்டுவிட்டால் அவருக்காக வேறு யாரும் 80டிடி கேட்க முடியாது. இங்கேதான் பல குடும்பங்கள் பணத்தை விடுகின்றன.

அம்மாவைச் சார்ந்திருக்கும், 80 சதவீதக் குறைபாடுள்ள மகனுக்கு வைப்புநிதி வட்டி 80,000 வருகிறது. வங்கி அதில் 8,000 டிடிஎஸ் பிடித்துவிட்டது. அந்த 8,000-ஐத் திரும்பப் பெற அவருக்கு 80யு தேவையே இல்லை. வேறு வருமானம் இல்லாததால் ரிட்டர்ன் போட்டாலே முழுசாக வந்துவிடும். தேவையில்லாமல் 80யு கட்டத்தை நிரப்பினால், பழைய முறையில் 30 சதவீத வரி கட்டும் அம்மாவுக்கு 80டிடி-யில் மிச்சமாகும் 39,000 போய்விடும். அப்புறம், வருஷத் தொடக்கத்திலேயே வங்கியில், வரி கட்டும் அளவு வருமானம் இல்லை என்று சொல்லும் 15ஜி படிவம் கொடுத்திருந்தால் அந்த 8,000-மும் பிடிபட்டிருக்காது.

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகைக் குறைபாடு என்றால் ரிட்டர்னுக்கு முன்பே, மருத்துவச் சான்றிதழுக்கான 10-ஐஏ படிவத்தைப் போட்டுவிடுங்கள். சம்பளக்காரர் ரிட்டர்னிலேயே பழைய முறைக்கு மாறலாம், ஆனால் கெடு தேதிக்குள். ஒரு நாள் தாண்டினாலும் புதிய முறைதான். அந்த 39,000 ரீஃபண்டும் கிடையாது.