பிங் அடித்தால் பதில் வருகிறது, பெட்டியைத்தான் காணோம்

நேற்று நண்பன் ஒரு போட்டோ அனுப்பி, "மச்சி, உன் வீட்ல இருக்கிற அதே மீடியா பெட்டி. பர்மா பஜார்ல செகண்ட் ஹேண்ட், 600 ரூபா சொல்றான். எடுத்துடவா?" என்று கேட்டான். வாய்ஸ் மெசேஜில் பதில் சொல்ல ஆரம்பித்தேன், நாலு நிமிடம் தாண்டியும் முடியவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

2014-ல் வாங்கியது. டிவியோடு மாட்டி, கம்ப்யூட்டரிலிருந்து வீட்டு நெட்வொர்க் வழியாகப் படம் ஏற்றிப் பார்க்கிற பெட்டி. அக்கா கல்யாண விசிடியை எந்தப் புது டிவியில் போட்டாலும் முடியாது என்று கைவிரித்துவிடும். இந்தப் பெட்டி ஒரு முனகல்கூட இல்லாமல் ஓட்டும். பந்தியில் அப்பா குனிந்து இலை போடுகிற இடம் வந்ததும் அம்மா நிறுத்தச் சொல்வார். ரிமோட்டில் மற்ற எழுத்தெல்லாம் பளிச்சென்று இருக்க, அந்த ஒரு பொத்தான் மட்டும் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது.

சரி, இனி வயிற்றெரிச்சல். 2018 மழைக்காலத்தில் டிவி போர்டு போயிற்று. தண்டையார்பேட்டையில் கடல் காற்றுக்குத் தப்பிய எலக்ட்ரானிக்ஸ் ஏது? கழற்றிக் காட்டினார் மெக்கானிக் பாய், உள்ளே பச்சையாகப் பூத்திருந்தது. டிவி திரும்பி வர ஒரு மாதம். வந்த அன்று பெட்டியில் படம் ஓடியது. ஆனால் புதுப்படம் ஏற்றலாம் என்று கம்ப்யூட்டரைத் திறந்தால், நெட்வொர்க் பட்டியலில் பெட்டியே இல்லை.

"பாய், வயர் கழட்டும்போது பெட்டியில எதையாவது தொட்டீங்களா?"

"சார், நான் அது பக்கமே போகல சார்."

நம்பவில்லை. கேபிள் மாற்றினேன், ரவுட்டரை அணைத்துப் போட்டேன், விண்டோஸில் நெட்வொர்க்கைப் பப்ளிக்கிலிருந்து பிரைவேட்டுக்கு மாற்றினேன். பெட்டியின் செட்டிங்கில் 192.168.1.9 என்று முகவரி இருந்தது. பிங் அடித்தால், அதாவது "இருக்கிறாயா?" என்று நெட்வொர்க்கில் கூப்பிட்டுப் பார்த்தால், நாலுக்கு நாலு பதில். அதே முகவரியை ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் அடித்தால் எரர். ஆள் உள்ளே இருக்கிறார், குரலும் கொடுக்கிறார், கதவை மட்டும் திறக்க மாட்டேன் என்கிறார்! கம்பெனிக்கு மெயில் போட்டேன். "ரீசெட் செய்து பார்க்கவும்" என்று ஒரே வரி. செய்தேன். ஒன்றும் ஆகவில்லை.

மூன்றாம் நாள் ராத்திரிதான் விஷயம் பிடிபட்டது. நெட்வொர்க்கில் ஃபைல் கொடுத்து வாங்க பெட்டிக்குத் தெரிந்த ஒரே பாஷை எஸ்.எம்.பி. 1 என்கிற பழைய முறை. 2017 மே மாதம் உலகத்தையே ஆட்டிய வான்னாக்ரை வைரஸ் அந்தப் பாஷையில் இருந்த ஓட்டை வழியாகத்தான் பரவியது. அந்த வருடக் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, மொத்தம் 15 நாள் பயன்படுத்தாவிட்டால் எஸ்.எம்.பி. 1 விண்டோஸிலிருந்து தானாகவே கழன்றுகொள்ளும். கம்ப்யூட்டர் அணைந்திருக்கும் நேரம் கணக்கில் வராது. எங்கள் வீட்டிலோ மகளின் ப்ராஜெக்டுக்காகத் தினமும் ராத்திரி வரை ஓடியது. டிவி கடையில் கிடந்த மாதத்தில் பெட்டியை யார் தொட்டார்கள்? பாயிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, அடுத்த ரிப்பேருக்குப் பேரம் பேசாமல் கொடுத்தேன்.

கண்ட்ரோல் பேனலில், விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில், எஸ்.எம்.பி. 1 கிளையண்டுக்கு மட்டும் டிக் போட்டு ரீஸ்டார்ட் செய்ததும் திறந்தது. அப்புறம் ஒரு கரண்ட் கட்டில் பெட்டியின் முகவரியில் கடைசி 9 என்பது 12 ஆகிவிட்டது. எப்போதும் ஒரே முகவரி கிடைக்கும்படி ரவுட்டரில் ரிசர்வ் செய்த பிறகு அந்தத் தொல்லையும் ஒழிந்தது.

விண்டோஸ் செய்தது நியாயம்தான். என் கோபமெல்லாம் பெட்டி செய்தவர்கள் மேல். 2015-க்குப் பிறகு பெட்டிக்குப் புதுப் பாஷை கற்றுத்தர ஒரு அப்டேட் கிடையாது. இப்போது மகள் ஆபீஸ் லேப்டாப்போடு அதே வைஃபையில் உட்கார்கிறாள். "அந்தப் பழசை எடுத்துடுங்கப்பா" என்றாள். எஸ்.எம்.பி. 1-க்குப் போட்ட டிக்கை எடுத்துவிட்டேன். இத்தனை பாடுபட்டும் இன்று பென்டிரைவில்தான் படம் போகிறது, கம்ப்யூட்டருக்கும் டிவிக்கும் நடுவே எட்டு அடி தூரம்.

ஆகவே மச்சி, 600 என்ன, சும்மா கொடுத்தாலும் எடுக்காதே. ஆனால் ரிமோட்டை மட்டும் தனியாகத் தருவானா, என்ன விலை என்று கேட்டுச் சொல்.