ஹினாரி: எந்த வாசல் வழியாகப் போகிறீர்கள்?

உலக சுகாதார நிறுவனம் 2002-இல் தொடங்கிய இணைய மருத்துவ நூலகம் ஹினாரி. ஹினாரி அடங்கிய ரிசர்ச்4லைஃப் திட்டத்தின் பட்டியலில் பர்மா 'ஏ' பிரிவில் இருப்பதால் சந்தா கிடையாது. ஆனால் கணக்கு நிறுவனத்துக்குத்தான், ஆளுக்கு இல்லை. போதனா ஆஸ்பத்திரி பதியலாம். பர்மாவின் தட்டோன் ஊரில் தனியாக கிளினிக் நடத்தும் டாக்டர் தன் பேரில் பதிய முடியாது. இதன் பெரிய குறை அதுதான்.

"பாஸ்வேர்ட் இருந்தும் காசு கேட்கிறதே" என்பார்கள். கூகுள் வழியாக நேரே பத்திரிகையின் தளத்துக்குப் போனால் கேட்கத்தான் செய்யும். ரிசர்ச்4லைஃப் தளத்தில் லாகின் செய்து, அதற்குள்ளிருந்தே மருத்துவக் கட்டுரைகளைத் தேடித்தரும் பப்மெட்டைத் திறக்க வேண்டும். கட்டுக்கட்டாக டவுன்லோட் செய்யாதீர்கள். ஒருவர் செய்வதால் ஆஸ்பத்திரி முழுவதற்கும் கதவு சாத்தப்படலாம்.

தேடுவதிலும் சறுக்கல் உண்டு. பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்குக்கு, ரத்தம் போவதைக் குறைக்கும் டிரானெக்சாமிக் ஆசிட் மருந்து கொடுப்பதைப் பற்றித் தேடுகிறீர்கள். ரத்தப்போக்கைக் குறிக்கும் ஹெமரேஜ் என்ற ஆங்கிலச் சொல்லை நாம் பிரிட்டிஷ் வழக்கப்படி ஓர் எழுத்து கூட்டி எழுதுவோம். அதை மேற்கோள் குறிக்குள் போட்டால் பப்மெட் அந்த எழுத்துகளை மட்டுமே தேடும், அமெரிக்க எழுத்தில் உள்ளவை நழுவிவிடும். குறியை எடுத்துவிட்டால் இரண்டையும் அதுவே சேர்த்துக்கொள்ளும்.

புதியது வேண்டுமென்று 'கடந்த 5 ஆண்டு' பில்டரைத் தட்டுவது அதைவிட மோசம். இந்த மருந்துக்கு அடிப்படையான வுமன் ஆய்வு, 20,000-க்கும் அதிகமான பெண்களிடம் நடந்தது, வெளிவந்தது 2017-இல். பில்டர் அதையே மறைத்துவிடும். அடுத்த தேடலிலும் ஒட்டிக்கொண்டு வரும், அழித்துவிட்டுத் தொடங்குங்கள். அதற்காகப் பழையதே போதும் என்றும் இருக்க முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2012 வழிகாட்டி, கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசின் போன்ற மருந்துகள் பலிக்காதபோது அல்லது காயத்தால் ரத்தம் போவதாகத் தோன்றும்போது இதைக் கொடுக்கச் சொன்னது. 2017 திருத்தமோ வழக்கமான சிகிச்சையோடு சேர்த்தே, பிரசவமான 3 மணி நேரத்துக்குள், 1 கிராமை 10 நிமிடத்தில் சிரை ரத்தக்குழாயில் ஏற்றச் சொல்கிறது.

பல ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் கொக்ரேன் ஆய்வுரைகளில் வெளியான தேதியை நம்ப வேண்டாம். சுருக்கத்துக்குள் எந்த மாதம் வரை தேடினார்கள் என்று இருக்கும், அதைப் பாருங்கள். சில எளிய சுருக்கங்கள் தமிழிலேயே உண்டு.

கணக்கில்லாத கிளினிக்காரருக்கு, முழுக் கட்டுரைகள் உள்ள பப்மெட் சென்ட்ரலும் உலக சுகாதார நிறுவனத்தின் தளமும் இலவசம். மேலே சொன்ன 2017 திருத்தம் முழுசாக அங்கேயே கிடைக்கும்.