கதைப் புத்தகமா, விதிப் புத்தகமா?

ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ஆட்டம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் அதை ஆடும் எங்கள் கூட்டம், அடுத்த துணைநூலுக்குக் காசு சேர்க்கும் போதெல்லாம் கதை நூலா, விதி நூலா என்று இரண்டு கட்சியாகிவிடும்.

2016-இல் வந்த ‘கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்’ கதைக் கட்சி. பனிமூட்டம் சூழ்ந்த பரோவியா, கோட்டையில் ரத்தக்காட்டேரிப் பிரபு. குறிசொல்லும் பெண் சீட்டு எடுத்துப் போடுவாள். அவனைக் கொல்ல உதவும் வாள் எங்கே, அவனோடு மோதல் எந்த இடத்தில் என்பதெல்லாம் அந்தச் சீட்டுகளின் கையில். ஆட்ட விதி கதைக்குள்ளேயே கரைந்திருப்பதால் யாரும் தனியாகப் படிக்க வேண்டாம். குறை, காசு எல்லாரும் போட்டாலும் படிப்பது ஆட்டத்தை நடத்தும் டிஎம் (டன்ஜன் மாஸ்டர்) மட்டும்தான்.

2020-இல் வந்த ‘டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங்’ பெரும்பாலும் விதிதான். எல்ஃப், குள்ளர் என்று பாத்திரத்தின் இனத்தோடு ஒட்டியிருந்த திறன் புள்ளிகளை இஷ்டப்படி மாற்ற வழி தந்தது. எந்தக் கதைக்கும் உதவும், எல்லாரும் புரட்டலாம். தலைவலியும் உண்டு. அதிலுள்ள ட்வைலைட் கிளெரிக் என்ற பூசாரி, 30 அடிக்குள் நிற்கும் கூட்டாளிகளுக்குச் சுற்றுக்குச் சுற்று அடி தாங்கத் தற்காலிக உயிர்ப்புள்ளி தருவார். டிஎம் பார்த்துப் பார்த்து அமைத்த சண்டை புஸ்ஸென்று போகும். “அண்ணே, புத்தகத்துலயே இருக்கு லா” என்று ஆடுபவர் சொன்னால் டிஎம் என்ன சொல்வது?

புதுக் கூட்டத்துக்குக் கதைதான் முதலில். அடிப்படை விதிகளே அவர்களுக்குத் தாராளம். தோட்டப்புற முனியாண்டியை வைத்துச் சொந்த உலகம் கட்டும் டிஎம்முக்கு விதி நூல். என் ஓட்டு, தன் கதைக்கு வேண்டிய நாலு விதியை மட்டும் சேர்த்துத் தரும் கதை நூலுக்கே.