பற்றைக்காட்டுப் பன்றிக் காவலுக்கு 12 போர் (குழல் விட்ட அளவு) ஒற்றைக் குழல் துவக்கு சரிவருமா?

பன்றிக் காவலுக்குத் துவக்கு எடுக்கிறவர்கள் முதலில் கேட்பது, பற்றையை ஊடறுத்துப் போகிற வெடி எது என்றுதான். அப்படி ஒன்று இல்லை. பாரமான, மூக்கு மழுங்கிய சன்னம் கொப்பைத் தள்ளிக்கொண்டு நேரே போகும் என்பது பழைய நம்பிக்கை. 1895இல் வந்த .30-30 வின்செஸ்டர் தோட்டாவைப் போடுகிற றைபிள் இதனாலேயே பற்றைக்காட்டு றைபிள் என்று பேரெடுத்தது. பெருவிரல் மொத்தக் கொப்பில் பட்டால் அதன் சன்னமும் விலகும், .308 றைபிள் சன்னமும் விலகும், 12 போர் ஒற்றைக் குண்டும் விலகும். கொப்புக்கு ஒரு முழம் பின்னால் பன்றி நின்றால் அந்த விலகல் பெரிதில்லை. பத்து மீற்றர் பின்னால் நின்றால், தோளுக்கு வைத்த வெடி வயிற்றில் படும். ஆகவே பார்க்க வேண்டியது கொப்புகளுக்கு இடையிலுள்ள வெளியை.

மட்டக்களப்பின் படுவான்கரை மாதிரித் தட்டை நிலத்தில் றைபிள் வேண்டவே வேண்டாம். தப்பின சன்னம் கிலோமீற்றர் கணக்கில் போகும். அடுத்த வயல் வட்டையிலும் காவல் வாடி இருக்கிறது. பயிர்க் காவலுக்கென்று அனுமதிப்பத்திரத்தோடு கைக்கு வருவதும் எப்படியும் 12 போர்தான்.

அதில் எஸ்.ஜி. எனும் பெரிய சன்னத் தோட்டா போதும். வழக்கமாக 9 சன்னம், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 8.4 மில்லிமீற்றர். வாய் ஒடுக்காத குழலில் 25 மீற்றரில் முக்கால் மீற்றர் அகலத்துக்கு விரியும். அதற்கு அப்பால் வெடி வைக்கக் கூடாது. கிழட்டு ஆண் பன்றியின் தோள் தடிப்பு சும்மா இல்லை, காயத்தோடு பற்றைக்குள் பூர்ந்துவிடும். பறவைக்குப் போடுகிற சின்னச் சன்னம் இதற்கு உதவாது. குழலுக்குக் குழல் விரிவு மாறும் என்பதால், மண்மேட்டுக்கு முன்னால் வெற்று உரப்பையை விரித்து 25 மீற்றரில் ஒரு வெடி வைத்து, பையில் விழுந்த துளைகளை எண்ணிப் பாருங்கள். ஐந்துக்குக் குறைந்தால் தூரத்தையும் குறையுங்கள்.

பழைய துவக்கு வாங்கும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். தோட்டா இல்லை என்று உறுதிசெய்து, முன்கட்டையைக் கழற்றிவிட்டுக் குழலை ஆட்டிப் பார்க்க வேண்டும். கட்டை மாட்டியிருந்தால் அதன் வில் ஆட்டத்தை மறைத்துவிடும். மூடிய துவக்கை வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கும்போது குழலடியில் கீற்று வெளிச்சம் தெரிந்தால், விலை எவ்வளவு குறைவென்றாலும் விட்டுவிடுங்கள். குதிரையை, அதாவது பின்னாலுள்ள சுத்தியலை, பாதி இழுத்து நிறுத்தி விசையை அழுத்தினால் அது விழக் கூடாது.

அடுத்தது தோட்டா அறையின் நீளம். பழைய ஆங்கிலேயத் துவக்குகள் பலவற்றில் 65 மில்லிமீற்றர். இப்போது கிடைக்கிற தோட்டா பெரும்பாலும் 70. வாய் மடித்திருப்பதால் 70 தோட்டாவும் வில்லங்கமில்லாமல் உள்ளே போகும்; பொறி அங்கேதான். வெடிக்கும்போது மடிப்பு விரிந்து குழலின் ஒடுக்கத்துக்குள் நீள, அழுத்தம் ஏறும். தோள் நோவது முதல் அறிகுறி, பிணைச்சல் தளர்வது அடுத்தது. அளவு பல துவக்குகளில் குழலின் அடிப்பக்கத்தில் பொறித்திருக்கும்.

28 அங்குலக் குழல் பற்றைக்குள் சமாளிக்கலாம். தோள்வாரைக் கழற்றிவிடுங்கள், சூரை முள்ளில் கொளுவும். குனிந்து போகும்போது குழல் வாயில் சேறு அடைத்தால் குழல் வீங்கும், பிளக்கவும் கூடும். வாடிக்கு வந்ததும் துவக்கை மடித்து, தோட்டாவை எடுத்து, பின்பக்கத்தால் வானத்தைப் பாருங்கள்.

மாரியில் கடதாசித் தோட்டா ஊதி அறைக்குள் இறுகும். பிளாஸ்ரிக் தோட்டாவை மூடி இறுகும் போத்தலில் வையுங்கள். விசை இழுத்தும் வெடிக்காவிட்டால் உடனே மடிக்க வேண்டாம். வாயை ஆளில்லாத பக்கம் பிடித்தபடி ஒரு நிமிடம் பொறுங்கள், பிந்தி வெடிப்பதுண்டு.